பன்னிரண்டு கிணறுகளும் ஒரு வரைபுக் களஞ்சியமும்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து இளைஞர்கள் சென்ற ஆண்டு ஆவணியிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வந்தார்கள். அளவு நாடாவின் முனையில் சிறிய ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, அது தண்ணீரைத் தொடும் ஆழத்தைக் குறித்து, கிணற்றுக்குக் கிணறு வேறுபடும் கட்டின் உயரத்தை அதிலிருந்து கழித்து, நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பதிந்த ஒழுங்கான வேலை அது. தைப்பொங்கலுக்குப் பின் அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது. நான் கணிதம் படிப்பிப்பவன் என்பதால், அதை ஊரவர் பார்த்து விளங்கிக்கொள்ளும் ஒரு வரைபாக்கி அறிவித்தல் பலகையில் ஒட்டித் தரும்படி கேட்டார்கள்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். எண்களை எக்செலில் ஏற்றி, பன்னிரண்டு கிணறுகளுக்கும் பன்னிரண்டு நிறங்களில் கோடுகள் இழுத்து, ஓரத்தில் நிற விளக்கத்தையும் போட்டு அச்சிட்டேன். ஒரு கிழமை அது பலகையில் இருந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகை படிக்க வருபவர்கள் அதன் முன்னால் நின்று, தங்கள் கிணற்றின் பெயரைத் தேடி, அதன் நிறத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தொடர்ந்து போய், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் தவறவிட்டு விலகிப் போனதை நானே பார்த்தேன். அந்தத் தாளைக் கழற்றிய பின்புதான், வரைபு வரையும் பிறர் யோசனைகளை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் என்னிடம் நிலைத்துவிட்ட ‘ஃப்ரொம் டேட்டா டு விஸ்’ என்ற இணையத்தளத்தைப் பற்றியே இந்த மதிப்பீடு. அதன் அருகில் வைத்துப் பார்க்கத்தக்க வேறு சிலவற்றைப் பற்றியும் போகிற போக்கில் சொல்கிறேன்.

இத்தளத்தை யான் ஹோல்ட்ஸ் என்பவர் கொனர் ஹீலியின் துணையோடு 2018 இல் வெளியிட்டார். ஆர், பைதன் என்ற இரு கணினி மொழிகளுக்கும் தனித்தனி வரைபுக் காட்சியகங்களை உருவாக்கியவரும் இதே ஹோல்ட்ஸ்தான். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பெயர் பதிவதும் தேவையில்லை. அழகான படங்களை அடுக்கி வைத்து “எது பிடித்திருக்கிறது” என்று கேட்கும் தளங்களிலிருந்து இது முதற்பக்கத்திலேயே வேறுபட்டு நிற்கிறது. உங்களிடம் இருப்பது எண்களா, வகைகளா, எண்களும் வகைகளும் கலந்தவையா, நிலப்படத்துக்குரியதா, ஒன்றோடொன்று தொடர்புபட்ட வலையமைப்பா, காலத்தோடு மாறும் தொடரா என்று ஆறு வாசல்களை அது திறந்து வைக்கிறது. ஒரு வாசலைத் தெரிந்ததும் ஒரு மரம் விரிகிறது. எத்தனை மாறிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒழுங்கு உண்டா, ஒரு குழுவுக்கு ஒரு பெறுமானமா பல பெறுமானங்களா என்ற கேள்விகளினூடாகக் கிளை கிளையாக இறங்கினால், நுனியில் உங்கள் தரவுக்குப் பொருந்தக்கூடிய சில வரைபுகள் மட்டும் காத்திருக்கும்.

இந்த ஒழுங்கின் பெறுமதியை நான் உணர்வதற்குச் சில நாட்கள் சென்றன. அதற்கு முன் பின்டரெஸ்ட் போன்ற படப்பலகைகளில் இரண்டு மாலைப்பொழுதுகளைக் கழித்திருந்தேன். வட்டமாகச் சுழலும் வரைபுகளும் பூப்போல் விரிவனவும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்த அட்டவணை எப்படிப்பட்டது என்று எங்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை. என் கையிலோ மூன்றே நிரல்கள் இருந்தன: திகதி, கிணற்றின் பெயர், ஆழம். வரைபைப் பார்த்து அதற்குத் தரவைத் தேடுவது, சட்டையை வாங்கிவிட்டு அதற்கு ஆளைத் தேடுவது போன்றது. கையிலிருக்கும் தரவின் வடிவத்திலிருந்து தொடங்கி, அது எந்தெந்த வரைபுக்கு இடங்கொடுக்கும் என்று தேடும்போதுதான் பிறருடைய வேலை நமக்குப் பயன்படும் யோசனையாகிறது என்பதே இத்தளத்தைப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

மரத்தைவிட நான் அதிகம் மதிக்கும் பகுதி ஒன்று இத்தளத்தில் உண்டு. வரைபவர்கள் அடிக்கடி விடும் பிழைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிழையான வரைபையும் அதைத் திருத்தும் வழிகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் பகுதி அது. அங்கேதான் என் பன்னிரண்டு நிறக் கோடுகளை அப்படியே கண்டேன். பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும் வரைபை அவர்கள் ‘ஸ்பகெற்றி’ என்கிறார்கள். எங்கள் ஊரில் இடியப்ப வரைபு என்றால் சட்டென்று விளங்கும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்கள் ஆண்டுக்காண்டு எப்படிக் கூடிக் குறைந்தன என்ற தரவை எடுத்து முதலில் அந்தச் சிக்கலை வரைந்து காட்டுகிறார்கள். பிறகு இரண்டு வழிகளைத் தருகிறார்கள். ஒரு கோட்டை மட்டும் அழுத்தமாக வரைந்து மற்றவற்றைச் சாம்பல் நிறத்தில் பின்தள்ளுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கட்டம் கொடுத்து, எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவுத்திட்டத்தை வைத்து வரிசைப்படுத்துவது மற்றது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாக் கோடுகளும் மங்கலாக இருக்க அந்தக் கட்டத்துக்குரிய கோடு மட்டும் கருமையாக எழுந்து நிற்கும்.

நான் மூன்றாவதை எடுத்தேன். பன்னிரண்டு கட்டங்கள், வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் கிணறு இருக்கும் ஒழுங்கையின் பெயர். அத்தோடு நிலைக்குத்து அச்சைத் தலைகீழாக்கினேன்: மேல்விளிம்பு நிலமட்டம், கீழே போகப் போக ஆழம். பாடசாலையில் எண் கூடினால் கோடு மேலே போகவேண்டும் என்று படிப்பித்துப் பழகிய எனக்கு இது எளிதாக வரவில்லை. ஆனால் கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்குத் தண்ணீர் கீழேதான் இருக்கிறது. அது ஏறும்போது கோடும் ஏறவேண்டும். கட்டங்களை என்ன ஒழுங்கில் அடுக்குவது என்பதிலும் இத்தளத்தின் இன்னொரு பக்கம் கைகொடுத்தது. தரவை அகரவரிசையில் விடாமல் பொருளுள்ள ஓர் ஒழுங்கில் அடுக்கும்படி அது வற்புறுத்துகிறது. நான் கடற்கரைக்குக் கிட்ட உள்ள கிணற்றிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போனேன்.

புதிய தாள் பலகைக்குப் போன அன்றே வித்தியாசம் தெரிந்தது. பெயரைத் தேடி விரலை வைத்ததும் அந்தக் கட்டத்திலேயே நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எல்லாக் கட்டங்களிலும் கருங்கோடு சட்டென்று மேலேறுவது தெரிந்தது. எங்கள் நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல் என்பதால் மழைநீர் விரைவாக இறங்கிவிடும் என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் அதைத் தன் வளவுக் கிணற்றின் கோட்டில் காண்பது வேறு அனுபவம். கேணிக்கு அருகிலுள்ள இரண்டு கிணறுகளில் மட்டும் மழை ஓய்ந்த பின்பும் கோடு இறங்காமல் தங்கி நின்றது. பன்னிரண்டு நிறங்கள் பின்னிக் கிடந்த முதல் வரைபிலும் அதே எண்கள்தான் இருந்தன. அங்கே அதை நானும் காணவில்லை.

பிழைகளைப் பற்றிய அந்தப் பகுதியில் வட்ட வரைபுக்கும் ஒரு பக்கம் உண்டு. இதை நான் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் பாடத்திட்டத்தில் வட்ட வரைபுக்குக் கௌரவமான இடம் இருக்கிறது, பாகைமானியை வைத்து ஆரைச்சிறைகளை அளந்து வரைவதில் பிள்ளைகளுக்கு உண்மையான மகிழ்ச்சியும் இருக்கிறது. சலாகை வரைபையும் கோட்டு வரைபையும் 1786 இல் பொருளாதாரத் தரவுக்குக் கையாண்ட ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபெயர் 1801 இல் வட்ட வரைபையும் அச்சில் கொண்டுவந்தார். கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் கண் தடுமாறும். ஒரே அச்சின் மீதுள்ள நிலைகளை ஒப்பிடுவதில்தான் அது மிகத் திருத்தமாக இயங்கும் என்பதைப் புள்ளிவிபரவியலாளர்களான கிளீவ்லண்டும் மக்கில்லும் 1984 இல் பரிசோதனை மூலம் காட்டினார்கள். இத்தளத்தின் பக்கம் அதைக் கண்முன் நிறுத்துகிறது: ஏறத்தாழ ஒரே அளவிலான துண்டுகளைக் கொண்ட மூன்று வட்டங்களைக் காட்டி, எது பெரிது என்று உங்களையே முடிவுசெய்ய வைத்துவிட்டு, அதே தரவைச் சலாகைகளாகக் கீழே வைக்கிறது. வட்டத்தில் ஒன்றுபோல் தெரிந்தவை சலாகையில் ஏறுவரிசையாகவும் இறங்குவரிசையாகவும் பிரிந்து நிற்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைத் திரையில் காட்டியபோது வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது. இரண்டு மூன்று பகுதிகள் மட்டும் இருக்கும்போது வட்ட வரைபு நன்றாகவே வேலை செய்யும் என்பது என் எண்ணம். அந்த அளவுக்கு இத்தளத்தின் கண்டிப்போடு நான் உடன்படவில்லை.

நிலப்பட வாசலில் என் அனுபவம் கலப்பானது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகளையும் ஒரு பெறுமானத்துக்கேற்ப நிறந்தீட்டுவது யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அப்படித் தீட்டினால், பரப்பில் பெரியதும் ஆட்கள் ஐதாக வாழ்வதுமான மருதங்கேணி படத்தின் ஒரு பக்கத்தை நிறைத்துக்கொள்ளும். சனம் நெருங்கி வாழும் யாழ்ப்பாண நகரப் பிரிவும் நல்லூரும் ஒரு புள்ளியளவாகச் சுருங்கும். நெடுந்தீவு கடலுக்குள் தனியே தவறிப் போகும். இத்தளம் நிறந்தீட்டிய படத்தின் இந்தக் குறையைச் சொல்லி, குமிழிகள் இட்ட படம், அறுகோணங்களாகப் பிரித்த படம், பெறுமானத்துக்கேற்ப உருவை விரித்துச் சுருக்கும் படம் என்று மாற்றுவழிகளைத் தருகிறது. நான் அவற்றிலிருந்து யோசனையை மட்டும் எடுத்து, பதினைந்து பிரிவுகளையும் பதினைந்து சமசதுரங்களாக்கிக் கட்டத்தாளில் அடுக்கிப் பார்த்தேன். மேலே தெல்லிப்பழையும் பருத்தித்துறையும், நடுவில் உடுவிலும் கோப்பாயும், மேற்கில் காரைநகரும் ஊர்காவற்றுறையும் வேலணையும், அவற்றுக்கும் அப்பால் நெடுந்தீவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே இடம் கிடைத்தது, பெயரை உள்ளேயே எழுதவும் முடிந்தது. ஆனால் சாவகச்சேரியை எங்கே வைப்பது என்பதில் மூன்று முறை அழித்து வரைந்தேன், இன்னும் திருப்தி இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சொற்கள் எளியவைதான், ஆயினும் க.பொ.த. சாதாரண தர மாணவர் ஒருவரைத் தனியே அதன் முன் இருத்திவிட முடியாது. நான் வகுப்பில் பயன்படுத்தும்போது மரத்தின் கிளைகளைத் தமிழில் கரும்பலகையில் எழுதிக்கொண்டேன். வலையுரு வரையம், மீடிறன், சிதறல் வரைபு என்று எங்கள் பாடநூல்களில் வழங்கும் சொற்கள் ஏற்கெனவே இருப்பதால் அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

இதைவிடப் பெரிய இடைவெளி எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரைபுக்கும் ஆர், பைதன் மொழிகளிலும், இணைய உலாவிக்குள் வரைவதற்கான டி3 என்ற தொகுப்பிலும் செய்நிரல் எழுதும் வழி காட்டப்பட்டிருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் அந்த வழிகளில் எது தமிழ் எழுத்தைச் சரியாகத் தாங்கும் என்பது அங்கே பேசப்படும் விடயமல்ல. பைதனில் வரைபுக்குப் பெரும்பாலானோர் கையாளும் மற்பிளொட்லிப் என்ற செய்நிரல் தொகுப்பு நீண்ட காலமாகவே சிக்கலான எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வசதியின்றி இருந்து வந்தது. ‘கொக்குவில்’ என்று எழுதினால் கொம்பும் அரவும் தத்தம் இடத்தில் சேராமல் சிதறி விழும். ‘கோப்பாய்’க்கும் அதே கதி. டி3 உலாவிக்குள்ளேயே வரைவதால் உலாவி தமிழை எப்படிக் காட்டுமோ அப்படியே வரைபிலும் வரும். ஆர் மொழியில் ‘ராக்’ என்ற துணைச் செய்நிரல் பொதியைக் கொண்டு படத்தைச் சேமித்தால் எழுத்து ஒழுங்காக அமைகிறது. தமிழில் வரைபு செய்ய நினைப்பவர் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால் பல மணிநேரம் மிஞ்சும்.

தமிழ்ப் பெயர்களின் நீளமும் வரைபின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘வலிகாமம் தென்மேற்கு’ என்பதை நிலைக்குத்துச் சலாகையின் காலடியில் எழுதப் போனால் அதைச் சரித்து எழுதவேண்டும், வாசிப்பவர் தலையைச் சரிக்கவேண்டும். சலாகையைக் கிடையாகப் படுத்திவிட்டால் பெயர் இடப்பக்கத்தில் நேராக நிற்கும். நீண்ட பெயர்கள் வரும்போது அச்சுகளை மாற்றிப் போடும்படி இத்தளமும் சொல்கிறது. தமிழில் அதைப் பொதுவிதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இத்தளம் திரைக்காக எழுதப்பட்டது. எங்கள் வரைபுகளோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பியாகத்தான் கைக்குக் கை போகின்றன. நிறத்தால் வேறுபடுத்திய எதுவும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். அதற்கான விடையை வேறிடத்தில் கண்டேன். புவியியலாளர் சிந்தியா புரூவர் 2002 அளவில் நிலப்படங்களுக்காக உருவாக்கிய ‘கலர் புரூவர்’ என்ற கருவியில், நிறக்குருடு உள்ளவருக்கும் பொருந்தும் நிறத்தொகுதிகள் எவை, போட்டோக்கொப்பியிலும் பிரிந்து தெரிபவை எவை என்று தெரிவுசெய்து பார்க்கும் வசதி உண்டு. அந்தச் சிறிய தெரிவுப்பெட்டியை யார் யோசித்தார்களோ, அவர் எங்கள் வாசிகசாலையையும் மனதில் வைத்தே யோசித்தார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

ஒப்பீட்டுக்காக வேறு மூன்றைச் சொல்கிறேன். கோபன்ஹேகனிலுள்ள ஃபெர்டியோ நிறுவனத்தின் ‘டேட்டா விஸ் புரொஜெக்ட்’ வரைபு வகைகளை எண்ணிக்கையில் மிகுதியாகத் தருகிறது. உள்ளிடும் அட்டவணை எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சிறு படங்களாகக் காட்டி, அதைத் தொட்டுத் தெரிவுசெய்ய விடுவது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த வரைபு எங்கே பிழைக்கும் என்று எச்சரிப்பதில் அது ‘ஃப்ரொம் டேட்டா டு விஸ்’ அளவுக்குப் போவதில்லை. ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை இலவசமாகத் தரும் ‘விஷுவல் வொகாபுலரி’ ஒரே சுவரொட்டியில் வரைபுகளை ஒன்பது நோக்கங்களின் கீழ் பிரிக்கிறது. விலகலைக் காட்டவா, தரவரிசையைக் காட்டவா, காலமாற்றத்தைக் காட்டவா என்று நோக்கத்திலிருந்து தொடங்குவது அதன் முறை. அதைப் பெரிய தாளில் அச்சிட்டு என் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மின்சாரம் நின்றாலும் அது இருக்கும். 2018 முதல் கிழமைக்கு ஒரு தரவுத்தொகுதியாக வெளியாகும் ‘டைடி டியூஸ்டே’ பழகுவோருக்கு உகந்தது. ஒரே தரவைப் பலர் பலவிதமாக வரைந்து பகிர்வதைப் பக்கத்தில் பக்கமாகப் பார்க்கும்போது, தரவு ஒன்றாயினும் கேள்வி வேறானால் வரைபும் வேறாகும் என்பது எந்தப் பாடமும் இல்லாமலே புரிகிறது.

இந்தக் களஞ்சியங்கள் எல்லாவற்றிலும் நான் தேடியும் நிறைவாகக் காணாதது ஒன்று: ஒரு வரைபு எந்த வாழ்க்கைத் தேவையிலிருந்து பிறந்தது என்ற கதை. பரிஸ் நகரிலிருந்து லியோன் வரையான புகையிரதங்களின் நேரசூசியை ஒரே படமாக்கிய வரைபை பிரெஞ்சு உடலியலாளர் மரே தம் நூலில் 1885 இல் அச்சிட்டார். அந்த முறைக்குரியவர் இப்ரி என்ற பொறியியலாளர். கிடை அச்சில் நேரம், நிலைக்குத்து அச்சில் தூரத்துக்கேற்ற இடைவெளியில் நிலையங்கள், ஒவ்வொரு புகையிரதமும் ஒரு சாய்கோடு. அதைப் பார்த்ததும் யாழ்தேவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1956 இல் தொடங்கி, போரினால் 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்று, 2014 ஐப்பசியில் மீண்டும் எங்கள் நிலையத்துக்குள் நுழைந்த வண்டி அது. உயர்தரப் பிள்ளைகளிடம் நிலையத்தில் ஒட்டியிருக்கும் நேரசூசியைப் படமெடுத்து வரச்சொல்லி, அனுராதபுரத்துக்கு வடக்கே உள்ள பகுதியை மட்டும் கட்டத்தாளில் வரையவைத்தேன். கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் வண்டி வேகமாகப் போகிறது, கிடையாகப் படுக்கும் இடத்தில் நிலையத்தில் நிற்கிறது. மேலே போகும் கோடும் கீழே வரும் கோடும் வெட்டும் புள்ளிகளைக் காட்டி, இவை ஏன் நிலையங்களின் மட்டத்திலேயே விழவேண்டும் என்று கேட்டேன். தண்டவாளம் ஒன்றுதான் சேர், வேறெங்கும் விலக இடமில்லை என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள். நேரசூசியின் அட்டவணையைப் பல தடவை பார்த்திருந்தும் நான் அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் யோசனை வந்தது அந்தப் பழைய பிரெஞ்சு வரைபிலிருந்துதான்.

‘ஃப்ரொம் டேட்டா டு விஸ்’ தளத்துக்கு முதன்முறை போகிறவர் கையில் ஓர் அட்டவணையோடு போகவேண்டும் என்பது என் பரிந்துரை. கடைக்கணக்கோ, பாடசாலை வரவோ, வயலுக்கு இட்ட பசளையோ, சிறியதாக இருந்தாலும் தன்னுடையதாக இருந்தால் மரத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையான விடை சொல்ல முடியும். செய்நிரல் எழுதத் தெரியாதவர் பின்வாங்கத் தேவையில்லை. நுனியில் கிடைக்கும் வரைபை ஒரு கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிழைகளைப் பற்றிய பகுதியை ஒரே இருப்பில் வாசிக்காமல், ஏற்கெனவே வரைந்த ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பது நல்லது.

இப்போது இளைஞர்கள் நீர்மட்டத்தோடு உவர்த்தன்மையையும் அளக்கிறார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் கிழமைதோறும் இரண்டு எண்கள். சிதறல் வரைபின் புள்ளிகளைக் காலவரிசையில் கோட்டால் தொடுக்கும் வகை ஒன்று இத்தளத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் ஒரு கிணறு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அது ஒரே பாதையாகக் காட்டும் என்று நம்புகிறேன். மூன்று கிணறுகளுக்கு மட்டும் வரைந்திருக்கிறேன். கடற்கரைக் கிணற்றின் பாதை ஒரு கொக்கிபோல் வளைந்து வருகிறது. அது அளவீட்டில் நேர்ந்த தவறா, கடல்நீரின் வேலையா என்பது அடுத்த மாரி முடிந்த பிறகுதான் தெரியவரும். அதுவரை அந்தத் தாள் பலகைக்குப் போகாது.